மியாட்டாவை ஏற்றிச் செல்ல ஒரு வண்டி: ஃப்ரீமான்ட் நாட்குறிப்பு

ஜனவரி 14, 2024

நேற்று தண்டர்ஹில் கார்ப்பந்தயத் தடத்தில், மேடேறி மறுபுறம் கண்ணுக்குத் தெரியாமல் மடங்கும் ஒன்பதாம் திருப்பத்தில், ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சற்று முன்னதாக எடுத்துவிட்டேன். மாஸ்டாவின் சிறிய திறந்த ஸ்போர்ட்ஸ் காரான என் 1999 மியாட்டாவின் பின்புறம் நழுவி, வண்டி மண்ணில் இறங்கி நின்றது. எனக்குக் கீறல்கூட இல்லை. ஆனால் முன்சக்கரத்தை ஸ்டீயரிங்கோடு இணைக்கும் டை ராட் வளைந்துவிட்டது. வட கலிபோர்னியாவில் வில்லோஸ் ஊருக்கு வெளியே இருக்கும் அந்தத் தடத்திலிருந்து ஃப்ரீமான்ட்டில் உள்ள எங்கள் வீட்டுக்கு ஏறத்தாழ 150 மைல். உடன் வந்திருந்த மதுரைக்கார நண்பர், நான் அண்ணன் என்றே அழைப்பவர், தம்முடைய காரைத் தம் டிரெய்லரில் வீட்டில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, என் காருக்காக இன்று காலை மறுபடியும் அவ்வளவு தூரம் வந்தார். நாளை பொங்கலை வைத்துக்கொண்டு ஒரு மனிதரை 300 மைல் அலையவிட்டது என் மனத்தை உறுத்துகிறது.

இதுவரை தடத்துக்குக் காரை ஓட்டிக்கொண்டே போய், அதிலேயே திரும்பிவந்தேன். இனி அது சரிப்படாது. இந்த ஆண்டு, கார் கவிழ்ந்தாலும் நசுங்காமல் காக்கும் குழாய்க்கூடான முழு ரோல் கேஜ் பொருத்தப்போகிறேன். தலைக்கவசமும் ஐந்துமுனைப் பட்டையும் அணிந்தவரைக் காக்கும் அந்த இரும்புக் குழாய், சாதாரணச் சாலையில் வெறுந்தலையோடு ஓட்டுபவருக்குச் சிறிய மோதலிலும் மண்டையைப் பிளந்துவிடக்கூடியது. ஆகவே இழுக்க ஒரு வண்டியும், ஏற்ற ஒரு டிரெய்லரும் தேவை என்று முடிவு செய்துவிட்டோம்.

ஜனவரி 20

எடைக் கணக்கை இன்று காகிதத்தில் போட்டேன். மியாட்டா, பாதி டேங்க் பெட்ரோலுடன், 2,330 பவுண்டு. இரண்டு ஆக்சில் கொண்ட திறந்த இரும்பு டிரெய்லர் 1,900 பவுண்டுக்கு முன்பின். ஒரு செட் மாற்றுச் சக்கரங்கள், ஜாக், கருவிப்பெட்டி, கூடாரம் எல்லாம் சேர்ந்து 450. ஆக, இழுக்க வேண்டியது ஏறத்தாழ 4,700 பவுண்டு.

வீட்டில் இருக்கும் சியென்னா வேனின் இழுவைத் திறன் 3,500 பவுண்டு. அலுமினியத்தில் மிக இலேசான டிரெய்லர் ஒன்றை வாங்கி, மாற்றுச் சக்கரங்களையும் எடுத்துச் செல்லாமல் விட்டால் அந்த எல்லையைத் தொட்டுக்கொண்டு போகலாம். ஆனால் ஒவ்வொரு பயணத்திலும் எல்லையைத் தொட்டுக்கொண்டு போவது எனக்குச் சம்மதமில்லை. முன்சக்கரங்களை மட்டும் ஏற்றிக்கொள்ளும் டாலி மலிவானது என்று என் மனைவி எடுத்துக்காட்டினாள். மியாட்டா பின்சக்கர விசையில் ஓடும் வண்டி. டாலியில் இழுத்தால் பின்சக்கரங்கள் சாலையில் சுழன்று, அவற்றோடு கியர்பாக்ஸின் உட்பகுதியும் சுழலும். ஒவ்வொரு முறையும் காரின் அடியில் படுத்து டிரைவ் ஷாஃப்டைக் கழற்ற வேண்டியிருக்கும் என்பதால் அதையும் விட்டுவிட்டோம்.

பிப்ரவரி 3

அலுவலக நண்பர் ஒருவர் தம்முடைய எஸ்யூவியை ஒரு நாள் கொடுத்து உதவினார். ஏடுகளின்படி அது 5,000 பவுண்டு இழுக்கும். வாடகைக்கு எடுத்த டிரெய்லர் மட்டுமே ஏறத்தாழ 2,200 பவுண்டு. மியாட்டாவை ஏற்றியதும் 4,500 தாண்டியது. கருவிகளை வேண்டுமென்றே வீட்டில் விட்டுவந்தேன். 680 நெடுஞ்சாலையில் சுனோல் மேட்டை ஏறுவதில் தொல்லை எதுவும் இல்லை. இறக்கத்தில்தான், நீளமான லாரி ஒன்று இடப்புறம் கடந்துபோனபோது, முதலில் டிரெய்லரும் பிறகு எங்கள் வண்டியின் பின்புறமும் ஒருமுறை அசைந்தன. இரண்டு விநாடிகளில் அடங்கிவிட்டது. நான் பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலரேட்டரை மட்டும் தளர்த்தினேன். எனினும் அதன்பின் வீடு வரும்வரை ஸ்டீயரிங்கைப் பிடித்த கைகள் இறுகியே இருந்தன.

இழுக்கும் வண்டியின் வீல்பேஸ், அதாவது முன் பின் ஆக்சில்களுக்கு இடையே உள்ள நீளம், ஏறத்தாழ 110 அங்குலம். பின்னால் வருவது ஏறக்குறைய அந்த வண்டியின் கனமே. வீசும் காற்றும், கடந்துபோகும் லாரியின் காற்றழுத்தமும் அதைத் தள்ளும்போது, முன்னால் இருக்கும் குட்டை வண்டிக்கு எதிர்த்து நிற்கும் நெம்பு குறைவு. அந்த எஸ்யூவியில் ஒரு குற்றமும் இல்லை, அளவுக்குள்தான் இழுத்தோம். ஆனால் மகனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஆண்டுக்குப் பத்து முறை போகவேண்டிய பயணத்துக்கு இந்த அளவு போதாது. மாலையில் அண்ணனிடம் தொலைபேசியில் சொன்னபோது, "ஏறுறதுல என்ன இருக்கு தம்பி, இறங்கும்போது எது எதைத் தள்ளுதுன்னு பாருங்க" என்றார்.

பிப்ரவரி 11

ஒரு வாரமாகப் பிக்கப் வண்டிகளைப் பற்றியே படிக்கிறேன். ஒரு காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றிய முறையில் இழுவைத் திறனைச் சொல்லிவந்தது. வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ.யின் ஜே2807 என்ற பொது அளவுகோல் வந்தபின், அதை முதலில் ஏற்றுக்கொண்டது டொயோட்டா. 2011 மாடலில் அதன் டண்ட்ரா பிக்கப் அதன்படி அளக்கப்பட்டபோது, அதன் இழுவை எண் முந்தைய ஆண்டைவிடக் குறைந்தது. மற்ற பெரிய நிறுவனங்களின் பிக்கப்கள் 2015 வாக்கில் அந்த வழிக்கு வந்தன. அரிசோனாவில் டேவிஸ் அணை அருகிலிருந்து தொடங்கும் 11 மைலுக்கும் மேலான ஏற்றத்தை அந்த அளவுகோல் சோதனைக்களமாகக் கொள்கிறது. கடும் வெயிலில், ஏ.சி.யை முழுவதும் திறந்துவைத்து, வேகம் 40 மைலுக்குக் கீழே இறங்காமல் ஏறவேண்டும். ஆகையால் அதற்குப் பிந்தைய ஆண்டு வண்டிகளை மட்டுமே தேடுவது என்று வைத்துக்கொண்டேன்.

ஆனால் அந்தப் பெரிய எண்ணைவிட ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் சிறிய சீட்டுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேற்படக் கூடாது என்று அந்தக் குறிப்பிட்ட வண்டிக்கென்றே அச்சிட்டது அது. டிரெய்லரின் கொக்கி வண்டியின்மேல் இறக்கும் எடையும் அந்தக் கணக்கில்தான் சேரும். நேற்று ஹேவர்டில் ஃபோர்டின் எஃப்-150 பிக்கப்பில் இரண்டு 2018 வண்டிகளைப் பார்த்தேன். எஞ்சினும் நீளமும் ஒன்றே. திறந்துமூடும் கண்ணாடிக் கூரையும் தோல் இருக்கைகளும் கொண்டதில் 1,510 என்று எழுதியிருந்தது. துணி இருக்கை கொண்ட எளியதில் 1,840. சொகுசுச் சாதனங்கள் தம் எடையை நம் சுமையிலிருந்தே பிடித்துக்கொள்கின்றன. விற்பனையாளர் இரண்டுக்கும் ஒரே இழுவை எண்ணைத்தான் சொன்னார்.

பிப்ரவரி 24

அந்த எளிய எஃப்-150 வண்டியையே வாங்கினோம். நான்கு கதவு, 3.5 லிட்டர் டர்போ எஞ்சின், 145 அங்குல வீல்பேஸ், 36 கேலன் டேங்க். டிரெய்லரின் மின்பிரேக்கை ஓட்டுநரே இயக்க உதவும் பிரேக் கன்ட்ரோலர் டாஷ்போர்டிலேயே தொழிற்சாலையில் பொருத்தியது. எனக்கு விலையைவிட அது பெரிதாக இருந்தது. கலிபோர்னியாவில் பிக்கப்பை வணிக வண்டியாகப் பதிவுசெய்து எடைக் கட்டணமும் வாங்குகிறார்கள். அதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொண்டோம். டிரெய்லரின் மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டுக்குள் இருக்கும்வரை என்னிடம் உள்ள சாதாரண உரிமமே போதும்.

மார்ச் 9

டிரெய்லர் தேடல்தான் நீண்டது. மூடிய டிரெய்லர் ஒன்றில் காரைப் பூட்டிவைக்கலாம், மழை படாது, கருவிகளுக்குத் தனி அலமாரி அடிக்கலாம். ஆசைதான். ஆனால் அதன் வெற்று எடையே 3,000 பவுண்டைத் தாண்டும். அதற்கும் மேலாக, காற்றை மறித்து நிற்கும் சுவர் அது. சாக்ரமென்டோ சமவெளியில் வடக்கிலிருந்து வீசும் காற்றை நினைத்தபோது அந்த ஆசையை விட்டுவிட்டேன்.

டிரேசியில் பழைய டிரெய்லர் ஒன்று நல்ல விலைக்கு வந்தது. டயர்களின் பள்ளம் புதிதுபோல ஆழமாக இருந்தது. குனிந்து டயரின் பக்கவாட்டில் இருந்த, தயாரித்த வாரத்தைக் காட்டும் டி.ஓ.டி. எண்ணைத் துடைத்துப் பார்த்தேன்: கடைசி நான்கு இலக்கங்கள் 2315. அதாவது 2015ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதில்லை. நின்ற இடத்திலேயே வெயிலில் உலர்ந்து சாகிறது. விரலால் அழுத்தியபோது பள்ளத்தின் அடியில் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தன. ஒரு ஆக்சிலில் மட்டுமே பிரேக் இருந்தது. அதன் கம்பியும் அறுந்து தொங்கியது. இவற்றையெல்லாம் மாற்றினால் புதியதன் விலையை நெருங்கிவிடும் என்பதால் வணக்கம் சொல்லிவிட்டு வந்தேன்.

பிற்பகல் மான்டெகாவில் புதிய 18 அடி டிரெய்லர் ஒன்றைப் பார்த்தோம். மரப்பலகைத் தளம், பின்னால் சற்றே சரியும் வால், இரண்டு ஆக்சிலிலும் மின்பிரேக், மொத்த எடை வரம்பு 7,000 பவுண்டு. மியாட்டாவையும் கொண்டுபோயிருந்தோம். ஏற்றிப் பார்த்ததில் காரின் முன்பம்பரின் கீழ்விளிம்பு சரிவுப்பலகையில் உரசியது. இரண்டு மரக்கட்டைகளை அடியில் கொடுத்ததும் ஏறியது. மேலே ஏறி நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தேன். கால் பங்கு திறப்பதற்குள் கதவின் கீழ்விளிம்பு டிரெய்லரின் மட்கார்டில் இடித்து நின்றுவிட்டது. இவ்வளவு தாழ்ந்த காருக்கு இது நேரும் என்று ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. கூரையை மடக்கிவைத்திருந்ததால் இருக்கையின்மேல் நின்று வெளியே குதித்தேன்; கேஜ் பொருத்தியபின் அதுவும் முடியாது. இடப்புற மட்கார்டு கழற்றக்கூடியதாக உள்ள மற்றொன்று அதே இடத்தில் இருந்தது. விலை சற்றுக் கூடுதல். அதைப் பிணைத்திருந்த ஆணியைப் பிடுங்கி மட்கார்டைக் கையில் எடுத்ததும் கதவு முழுவதும் திறந்தது. அதையே வாங்கினோம்.

மார்ச் 16

குடியிருப்புச் சங்கம் டிரெய்லரைத் தெருவிலோ வாசலிலோ வைக்க அனுமதிக்கவில்லை. நியூவார்க்கில் மாத வாடகைக்கு இடம் பிடித்தேன். வெயில் படாமல் இருக்க டயர்களுக்கு வெள்ளை உறை போட்டாயிற்று.

மார்ச் 30

ஐ-5 ஓரம் லாரிகள் நிற்கும் இடத்தில் உள்ள எடைமேடைக்குப் போனோம். முதலில் பிக்கப்பை மட்டும் நிறுத்தினோம். நான், மகன், பெட்ரோல் எல்லாம் சேர்த்து முன் ஆக்சில் 3,040, பின் ஆக்சில் 2,380. பிறகு டிரெய்லரை மாட்டி முழுச்சுமையுடன் ஏறினோம்: முன் 2,860, பின் 3,080, டிரெய்லரின் ஆக்சில்கள் 4,140. பிக்கப்பின்மேல் கூடியிருப்பது 520 பவுண்டு. டிரெய்லரின் மொத்தம் 4,660 என்பதால் அது 11 சதவீதத்துக்குச் சற்று மேல். பத்திலிருந்து பதினைந்து சதவீதம் கொக்கியின்மேல் இருக்கவேண்டும் என்பது விதி. குறைந்தால் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும்.

சதவீதம் சரியாக இருந்தும் என் கண், பிக்கப்பில் டிரெய்லரை மாட்டும் ஹிட்சின் சீட்டில் நின்றது. கொக்கியின்மேல் இறங்கும் எடையை மற்ற ஆக்சில்களுக்கும் பகிரும் தண்டுகள் இல்லாமல் இழுத்தால் 5,000 பவுண்டு டிரெய்லரும், கொக்கியின்மேல் 500 பவுண்டும்தான் எல்லை. நாங்கள் இருபது பவுண்டு அதிகம். மகன் சாக்பீஸால் தளத்தில் கோடு போட, காரை மூன்று அங்குலம் பின்னே தள்ளிக் கட்டி மறுபடியும் எடைபோட்டோம். 480 வந்தது. அந்தக் கோட்டின்மேல் இப்போது குறுக்குக்கட்டை ஒன்றை ஆணியடித்து வைத்திருக்கிறேன். முன்சக்கரம் அதில் முட்டினால் இடம் சரி. பத்து சதவீதத்தின் விளிம்பில் இருப்பதால், மாற்றுச் சக்கரங்களை எப்போதும் முன்பக்கத்திலேயே வைக்கவேண்டும். எடைபகிரும் தண்டுகளை வரும் மாதங்களில் வாங்கிவிட்டால் காரைச் சற்று முன்னே நகர்த்தி 12 சதவீதத்துக்குக் கொண்டுவரலாம்.

ஏப்ரல் 21

முதல் முழுப் பயணம் முடிந்தது. நேற்று விடியுமுன் மூன்று மணிக்குப் புறப்பட்டோம். கொக்கியின் கீழே சங்கிலிகளைக் குறுக்காக மாட்டி, டிரெய்லர் பிய்த்துக்கொண்டால் தானாகப் பிரேக் பிடிக்கவைக்கும் கம்பியைத் தனியே பிக்கப்பின் சட்டத்தில் கோத்து, மகன் பின்னால் நின்று விளக்குகளை ஒவ்வொன்றாகச் சொல்ல, அரைமணி நேரம் அதிலேயே போயிற்று. டிரெய்லர் இழுப்பவர்களுக்குக் கலிபோர்னியாவில் 55 மைல்தான் வேக எல்லை. பெனீசியா பாலத்தில் சுங்கம் ஆக்சில் எண்ணிக்கைப்படி என்பதால் நான்கு ஆக்சிலுக்குக் கட்டினோம்.

முதல் இருபது மைல் கழித்து நிறுத்தி, காரைக் கட்டிய பட்டைகளைத் தொட்டுப் பார்த்தேன். நான்கில் ஒன்று, முன் இடப்புறத்துப் பட்டை, அதை இறுக்கும் ராட்செட்டில் இரண்டு பல் தளர்ந்திருந்தது. டயரின்மேல் சுற்றிக் கட்டுவதால் சஸ்பென்ஷன் தன்போக்கில் ஆடும், பட்டை தளராது என்று படித்திருந்தேன். புதுப் பட்டை முதல்முறை நீளத்தான் செய்யும் போலும். சக்கர நட்டுகளையும் ரெஞ்சு வைத்துச் சரிபார்த்தேன். 505 நெடுஞ்சாலையில் எதிர்காற்று பிடித்துக்கொண்டது. லாரிகள் கடந்தன, டிரெய்லர் அசையவில்லை. இறக்கங்களில் கன்ட்ரோலரின் நெம்பை மட்டும் அழுத்திப் பார்த்தபோது, பின்னாலிருந்து ஒருவர் மெதுவாகப் பிடித்து இழுப்பதுபோல் முழு வண்டியும் நிதானமாயிற்று. கேலனுக்கு 11 மைலுக்குச் சற்று மேல் கிடைத்தது.

தடத்தில் மட்கார்டைக் கழற்றி, கதவைத் திறந்து, மரக்கட்டைகளை வைத்து, காரை இறக்க எட்டு நிமிடம் ஆயிற்று. மாலையில் முன் வலப்புற டயர் தேய்ந்து நூல் தெரிந்தபோதும் பதறவில்லை. மாற்றுச் சக்கரம் இருந்தது, கார் வீட்டுக்கு ஓடவேண்டியதில்லை. இரவு பத்தரைக்கு நியூவார்க் வந்து, டிரெய்லரின் நான்கு சக்கரக் குடங்களையும் கையால் தொட்டுப் பார்த்தேன். மூன்று இளஞ்சூடு, பின் வலப்புறம் மட்டும் கூடுதல் சூடு. அடுத்த சனிக்கிழமை அதைக் கழற்றி பிரேக் இடைவெளியையும் பேரிங் கிரீஸையும் பார்க்கவேண்டும்.