பச்சை உடம்பும் பத்துக் கேள்விகளும்

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் டிசம்பர் மாதம் மாலை நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும். அந்த மாதத்தில்தான் மகள் பிறந்தாள். அம்மாவுக்கு இன்னும் விசா வரவில்லை. கணவருக்குச் சட்டப்படி கிடைத்த இரண்டு வார விடுப்பு முடிந்ததும் பகல் முழுவதும் வீட்டில் நானும் குழந்தையும்தான். ஊரில் பச்சை உடம்புக்காரியை அடுப்படிப் பக்கம் விடமாட்டார்கள். இங்கே பூண்டுக் குழம்பை நானே ஒற்றைக் கையால் கிண்டினேன்.

பிரசவமான மூன்றாம் நான்காம் நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலான தாய்மாருக்கு உண்டு. இரண்டு வாரத்தில் தானாக அடங்கிவிடும். எனக்கு அடங்கவில்லை. குழந்தை உறங்கினாலும் எனக்கு உறக்கம் வராது; மூச்சு விடுகிறதா என்று மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தபடியே கிடப்பேன். பால் கொடுப்பதும் துணி மாற்றுவதும் யார் பிள்ளைக்கோ செய்வது போலிருக்கும்.

கண் பட்டிருக்கும் என்றார் மாமியார், வாட்ஸ்அப்பில். கணவர் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட, கமறலில் புகை அலாரம் அலறி, பக்கத்து வீட்டுப் பெரியவர் கோட்டை மாட்டிக்கொண்டு தெருவுக்கே வந்துவிட்டார். அதற்கும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இங்கே குழந்தை பிறந்த வீட்டுக்கு ஹெல்த் விசிட்டர் என்ற செவிலியர் வருவார். குழந்தையை எடை போட்டு, அதன் உடல்நலக் குறிப்பேடான சிவப்புப் புத்தகத்தில் குறித்தபின், என்னிடம் ஒரு தாளை நீட்டினார். 1987-இல் ஸ்காட்லாந்தில் உருவான எடின்பரோ அளவுகோல் அது. கடந்த 7 நாட்களைப் பற்றிப் பத்துக் கேள்விகள், மொத்தம் 30 மதிப்பெண். 13-ஐத் தொட்டால் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கக்கூடும், மருத்துவர் பார்க்க வேண்டும் என்று பொருள். முதல் கேள்வியே சிரிக்க முடிந்ததா என்பதுதான். பத்தாவது, தன்னையே வருத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அங்கே என் பேனா நின்றது. அவர் அவசரப்படுத்தவில்லை, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சன்னல் பக்கம் நகர்ந்துவிட்டார்.

அதற்கு முன்பே ஒரு தோழி எச்சரித்திருந்தாள்: உண்மையைச் சொன்னால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களாம். நம்மவர்களில் பலர் வாய் திறக்காததற்கு இந்தப் பயம்தான் காரணம். சிகிச்சை கேட்டதற்காக யாரும் பிள்ளையைப் பிரிப்பதில்லை. நிலைமை முற்றி மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தாலும், தாயையும் சேயையும் ஒன்றாகவே வைத்துப் பார்க்கும் தனிப் பிரிவுகள் இருக்கின்றன. இல்லாத குரல் கேட்பது, குழப்பமான பேச்சு, உறக்கமே இல்லாத பரபரப்பு என்றால் அது வேறு நோய். ஆயிரத்தில் ஓரிருவருக்கு வரும். அதற்கு ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது, நேரே அவசரப் பிரிவுதான்.

மருத்துவர் முதலில் இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். தைராய்டு கோளாறும் இரத்தசோகையும் இதே வேடத்தில் வரும். பிறகு செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரை. தாய்ப்பாலில் மிகக் குறைந்த அளவே கலப்பதால் பாலை நிறுத்தச் சொல்லவில்லை. பிரசவமாகி ஓராண்டு வரை இங்கே மருந்துச் சீட்டுக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும்; முதல் வாரத்தில் குமட்டல்தான் மிச்சம். தேறியபின்னும் ஆறு மாதமாவது தொடர வேண்டும்.

மனநல ஆலோசகரிடம் பேசித் தீர்க்கும் சிகிச்சைக்கு வரிசை நீளம். அந்தக் காத்திருப்பை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. கிடைத்தபின் பயன்பட்டது. ‘நான் நல்ல தாய் இல்லை’ என்று எழுதச் சொல்லி, அதற்கு என்ன சாட்சி என்று கேட்டார்கள். வழக்கறிஞரின் மகளான எனக்கு அந்த முறை பிடித்துப்போனது.

அம்மா வந்து இறங்கியபோது பெட்டி நிறைய பிரசவ லேகியம். மாத்திரைக்கு முன்பா பின்பா என்று மட்டும் கேட்டாள்.

கணவரை மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை. தந்தையருக்கும் இந்த மனச்சோர்வு வரும். இரவு உணவுக்குக் கார்ன்ஃபிளேக்ஸ் தின்றுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவரிடம் அதே பத்துக் கேள்விகளை நான்தான் கேட்டேன். பாதியிலேயே எழுந்து போய்விட்டார். மறுநாள் காலை எட்டு மணிக்கு மருத்துவரிடம் நேரம் கேட்டுத் தொலைபேசி வரிசையில் காத்திருந்தார்.