சுகர் ஃப்ரீ மக்கன் பேடா சாப்பிடலாமா?

ஆற்காட்டு மக்கன் பேடாவைக் கண்டால் சுகர் இருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பயமெல்லாம் சர்க்கரைக்குப் பதில் போடும் இனிப்பூட்டி மேல். மைதா மேல் யாருக்கும் பயமில்லை!

அஸ்பார்டேம் என்ற இனிப்பூட்டி மேல் உள்ள பயம் 2023 ஜூலையில் ஏறியது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை 2பி பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டியல் புற்றுநோய் வரலாம் என்ற சந்தேகத்துக்கு இடமுண்டு என்று மட்டும் சொல்லும், எவ்வளவு சாப்பிட்டால் கெடுதல் என்று சொல்லாது. அளவைச் சொல்லும் நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு தினம் 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பையே வைத்துக்கொண்டது. 60 கிலோ ஆளுக்கு 2,400. டீயில் போடும் மாத்திரையில் சுமார் 18தான். 15 கிலோ குழந்தை கதை வேறு. வரம்பே 600, டயட் கோலா கேன் ஒன்றில் 200 முதல் 300 வரை இருக்கும். பிகேயு என்ற பிறவிக் கோளாறு உள்ளவர்கள் அஸ்பார்டேமைத் தொடவே கூடாது.

அஸ்பார்டேம் சூட்டில் உடையும். கொதிக்கிற பாயசத்தில் போட்டால் இனிப்பு போய்விடும், இறக்கி வைத்துக் கலக்குங்கள். வேலூர் கத்திரி வெயிலில் கடை வாசலில் கிடந்த டயட் பானம் சப்பென்று இருப்பதும் இப்படித்தான். சுக்ரலோஸ் என்ற இன்னொரு இனிப்பூட்டி கொதியைத் தாங்கும். ஆனால் 120 டிகிரிக்கு மேல் போகும் வறுவலுக்கும் பேக்கிங்குக்கும் அதுவும் வேண்டாம்.

இனி பேடா. மைதாவும் கோவாவும் பிசைந்து, உள்ளே முந்திரி, பாதாம் வைத்து, பொரித்துப் பாகில் ஊறப்போடுவது. சுக்ரலோஸ் கரைத்த தண்ணீர் பாகாகாது. பிசுபிசுப்பு வராது, பேடா சொதசொதத்துப்போகும், சீக்கிரம் கெட்டும்போகும். அதனால் இந்த மாதிரி இனிப்புகளில் பாகுக்கு மால்டிட்டால் என்ற வேறொரு இனிப்பூட்டியைச் சேர்ப்பதுண்டு. சர்க்கரையை விடக் குறைவு என்றாலும் அதுவும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். நாலைந்து உள்ளே போனால் வயிறு உப்பும், பேதியும் ஆகலாம். மைதாவும், பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸும் அப்படியே இருக்கின்றன. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பாருங்கள்.

இன்சுலின் போடுபவர் வீட்டில் இன்னொன்று. லோ சுகர் ஆகிக் கை நடுங்கும்போது சுகர் ஃப்ரீ காபியோ டயட் கோலாவோ உதவாது. மூன்று டீஸ்பூன் நிஜச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.