இரு விளக்குகளும் ஓர் இருட்டும்

லாசுப்பேட்டையில் தரையிறங்கும் விமானத்தை மொட்டை மாடியிலிருந்து பார்க்கும்போதெல்லாம், 2025 ஜனவரி 29 இரவு வாஷிங்டனில் போடோமாக் ஆற்றின் மேல் பயணிகள் விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தது நினைவுக்கு வருகிறது. விமானி ஒருவரின் கவனக்குறைவு என்று அதை முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

அந்த ஆற்றோரப் பாதையில் ஹெலிகாப்டர்கள் 200 அடிக்கு மேல் பறக்கக் கூடாது என்று அப்போது வரம்பு இருந்தது. மோதலோ ஏறத்தாழ 278 அடியில் நிகழ்ந்தது. காற்றழுத்தத்தைக் கொண்டு உயரம் காட்டும் கருவி உண்மையைவிடக் குறைவாகக் காட்டியிருந்தால், தாங்கள் வரம்புக்கு அருகில்தான் இருக்கிறோம் என்று அந்தக் குழுவினர் நம்பியிருக்கக்கூடும். ஆனால் வரம்பை அவர்கள் சரியாகக் கடைப்பிடித்திருந்தாலும், அருகிலிருந்த விமான நிலையத்தின் 33ஆம் ஓடுபாதைக்கு இறங்கும் விமானத்துக்கும் அவர்களுக்கும் இடையே சில இடங்களில் 75 அடி மட்டுமே மிஞ்சும் வகையில் பாதை வகுக்கப்பட்டிருந்தது என்பதுதான் என்னை உறுத்துகிறது. கடலூர்ப் பேருந்து நிலைய நெரிசலில்கூட இதைவிடத் தாராளமாக விலகிச் செல்லலாம் என்று கசப்போடு தோன்றுகிறது.

விமான நிலையக் கோபுரத்தில் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் ஒருவரே விமானங்கள், ஹெலிகாப்டர்கள் என இரு வகைப் போக்குவரத்தையும் கவனித்தார். விமானத்தின் பின்னால் கடந்து செல்லும்படி அவர் சொன்ன வேளையில் ஹெலிகாப்டரின் ஒலிவாங்கிப் பொத்தான் அழுத்தப்பட்டு, எதிர்முனைப் பேச்சு கேட்காத நிலையில் இருந்ததால், அச்சொற்கள் முழுமையாகச் சேரவில்லை. நகர விளக்குகளுக்கு நடுவே, இரவுப் பார்வைக் கண்ணாடி வழியாக, அவர்கள் வேறொரு விமானத்தைப் பார்த்திருக்கவும் வாய்ப்புண்டு. மோதலைத் தவிர்க்க ஏறு, இறங்கு என்று கட்டளையிடும் கருவியோ, தரைக்கு அவ்வளவு அருகில் அக்கட்டளைகளைத் தராதவாறே வடிவமைக்கப்பட்டது.