இறுகிக் கிடந்த ரோட் கிங்: இதுவரை நடந்த வேலை

கிக்கர் அசையாத வண்டி கைக்கு வந்தால், அது எப்படி நின்றது என்றுதான் முதலில் விசாரிக்க வேண்டும். ஓடும்போது சூடேறி இறுகியிருந்தால் பிஸ்டனின் அலுமினியம் சிலிண்டர் சுவரில் அப்பியிருக்கும். நிறுத்திய இடத்தில் இறுகியிருந்தால் அது துருவின் வேலை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

சித்தப்பாவின் யெஸ்டி ரோட் கிங் பைக் இரண்டாவது வகை. வெளிநாடு போகும்போது நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியை குளச்சல் வீட்டுச் சாய்ப்பில் நிறுத்திவிட்டுப் போனார். எங்கள் மாவட்டத்துக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. போதாததற்குக் கடற்காற்று. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் புகை போகிற போர்ட் சிலிண்டர் சுவரிலேயே இருப்பதால், பிஸ்டன் கீழே நின்றுவிட்டால் அந்த வாசல் திறந்தே கிடக்கும். ரோட் கிங்குக்கு சிலிண்டர் ஒன்று, சைலன்சர் இரண்டு. உப்புக்காற்று உள்ளே வர இரண்டு வழி.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, தென்னை ஈர்க்கில் ஒன்றை மெல்ல உள்ளே இறக்கினேன். பிஸ்டன் தலையில் முட்டியதும், பிளக் ஓட்டை விளிம்புக்கு நேராக ஈர்க்கிலில் நகத்தால் ஒரு கீறல். இந்த எஞ்சினில் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 75 மி.மீ. பாதிக்கும் கீழேதான் நின்றது. அந்த ஈர்க்கிலை எறியாமல் வைத்துக்கொண்டேன். பிஸ்டன் அசைந்ததா இல்லையா என்று பிறகு சொன்னதெல்லாம் அதுதான்.

திங்கள்சந்தையில் பழைய யெஸ்டிகளைப் பார்க்கிற மேஸ்திரி மாமா ஒருவர் இருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும், "மக்கா, மிதிச்சு இளக்கலாம்னு மட்டும் நெனைக்காத. எஞ்சின் இளகாது, உள்ள பல்லுதான் போவும்" என்றார். யெஸ்டியில் கியர் லீவரைத்தான் உள்ளே தள்ளிச் சுற்றிக் கிக்கராக ஆக்குகிறோம். அது போனால் இரண்டும் போச்சு.

டீசலும், டூ ஸ்ட்ரோக் வண்டிக்கான டூ-டி ஆயிலும் பாதிப் பாதி கலந்து பிளக் ஓட்டை வழியாக ஊற்றினேன். போர்ட் திறந்திருந்தால் ஊற்றியதெல்லாம் ஒழுகிவிடும் என்பதால், அதற்கு முன்பே சைலன்சர்களைக் கழற்றி, இரு வாசலையும் தக்கை வைத்து அடைத்திருந்தேன். ரப்பர் துண்டு வேண்டாம், டீசலில் ஊதிப்போகும் என்று மாமா சொல்லியிருந்தார். எண்ணெய் மெல்ல இறங்க இறங்க, மேலே ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

எண்ணெய் ஊறினால் மட்டும் போதவில்லை. சிலிண்டர் பிளாக் வார்ப்பிரும்பு, பிஸ்டன் அலுமினியம். ஒரே சூட்டில் அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதனால் கொதிக்கும் தண்ணீரில் நனைத்த சாக்கை பிளாக்கைச் சுற்றிப் போடுவதும், முழுக்க ஆற விடுவதுமாக மாற்றி மாற்றிச் செய்தேன். இரண்டும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்கும்போது நடுவில் இருக்கும் துருவின் பிடி விடும். பிறகு நாலாம் கியரில் போட்டுப் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் ஆட்டினேன். டாப் கியரில்தான் கை கொடுக்கிற பலம் பிஸ்டனை ஏற்றி இறக்கும் கிராங்க்குக்கு அதிகமாகப் போய்ச் சேரும். குலுக்கி இழுக்காமல், அழுத்திப் பிடித்து, விட்டு, மறுபடி அழுத்த வேண்டும்.

ஒரு சாயங்காலம் ஈர்க்கிலை இறக்கிப் பார்த்தால் கீறல் ஒரு நெல்லளவு மேலே நின்றது. சத்தமில்லை, கையில் ஒன்றும் தெரியவுமில்லை. சித்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அதன்பின் எஞ்சினைச் சுற்றவிடவில்லை. துருவின் மேல் உரசினால் சுவர் இன்னும் கிழியும். சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி, ரப்பர் மரக் கட்டையைப் பிஸ்டன் தலையில் வைத்து அங்குலம் அங்குலமாகத் தட்டி இறக்கி, பிளாக்கை உருவினேன். போர்ட்டை ஒட்டி வளையமாகக் குழி விழுந்திருந்தது. நாகர்கோவில் லேத்தில் போர் செய்து, அதாவது சிலிண்டரை உள்ளே கடைந்து அகலமாக்கி, 0.50 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன். போர் முடிந்ததும் போர்ட் விளிம்புகளை லேசாக ராவச் சொல்லுங்கள். கூர்மையாக விட்டால் பிஸ்டன் ரிங் அதில் மாட்டி உடையும். கிராங்க் பேரிங்கும் ஆயில் சீல்களும் புதிது. மைசூர் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1996-இல் மூடியும் இந்தச் சாமான்கள் இன்றும் கிடைப்பது பெரிய விஷயம்.

போன வாரம் பாட்டிலில் பெட்ரோல் கட்டித் தொங்கவிட்டு, லிட்டருக்கு 40 மி.லி. ஆயில் கலந்து ஸ்டார்ட் செய்தோம். முற்றம் முழுக்க வெள்ளைப் புகை. அது அடங்கியதும் ஐடிலிங் சீராக நின்றது. சித்தப்பா வீடியோ காலில் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

இனி டேங்க். உள்ளே செதில் செதிலாகத் துரு. ரப்பர் பால் உறைய வைக்கிற ஃபார்மிக் ஆசிட்டை ஊற்று என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். துரு போகும்தான், தகரத்தையும் சேர்த்து அரிக்கும். எனக்கு மனமில்லை. கெட்டியாகக் கரைத்த புளித்தண்ணீரில் ஊறப்போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்த கையோடு ஆயிலைச் சுற்றிவிடப் போகிறேன். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால்; அது ஈரத்தை இழுக்கும். அதனால் ஓட்டாத நாட்களில் கார்பரேட்டரைக் காலி செய்துவிடுவதாக இருக்கிறேன்.