அவன் சொல்ல வரும்போது

ஜனவரி 12, திங்கள்

பெற்றோருக்கான எட்டு வார மைண்ட்ஃபுல்னஸ் (இந்த நொடியில் நடப்பதைப் பதறாமல் கவனிக்கும்) பயிற்சி இன்று மாலை தொடங்கியது. வாரம் ஒரு வகுப்பு, வீட்டில் தினமும் கொஞ்சம் பயிற்சி. வந்திருந்த எல்லோர் வீட்டிலும் பதின்வயதில் ஒரு பிள்ளை. எல்லோருக்கும் ஒரே பயம்: சிகரெட், வேப் (மின்-சிகரெட்), மது, கஞ்சா, இதில் ஏதாவது ஒன்று பிள்ளையின் கைக்கு வந்துவிடுமோ என்று.

ஒரு அப்பா எடுத்த எடுப்பிலேயே கேட்டார், "கெட்ட பழக்கம் வரக்கூடாதுன்னு நினைக்கிறது பிள்ளைக்கு. பயிற்சி ஏன் எங்களுக்கு?" எல்லோர் மனதிலும் இருந்த கேள்விதான். பயிற்சி தருபவர் நேரடியாகப் பதில் சொல்லாமல் ஒன்று கேட்டார்: "பிள்ளை மோசமான செய்தியோட உங்க முன்னாடி வந்து நிக்கிறப்போ, முதல் அரை நிமிஷம் உங்க முகம் எப்படி இருக்கும்?" அறையில் யாரும் பேசவில்லை.

இந்த முறையை 1979-இல் ஜான் கபாட்-ஜின் என்பவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கியபோது, வந்தவர்களில் பலர் நாள்பட்ட வலியோடு வாழ்ந்த நோயாளிகள். வலி ஒன்று, வலியைக் கண்டு மனம் பதறுவது இன்னொன்று என்று பிரித்துப் பார்க்கப் பழகினார்கள். பிள்ளை வளர்ப்புக்கு அதை எப்படிக் கொண்டுவருவது என்று லாரிசா டங்கன் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 2009-இல் ஐந்து கூறுகளாக எழுதினார்கள். அதில் ஒன்று, பிள்ளை பேசும்போது முழுக் கவனத்தோடு கேட்பது. எளிதாகத் தெரிகிறது. அலுவலக மெயில் மனதுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போது செய்து பார்த்தால்தான் தெரியும்.

ஜனவரி 15, வியாழன்

இந்த வார வேலை, எரிச்சல் உடம்பில் எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பது. எனக்குத் தாடையில். வார்த்தை வருவதற்கு முன்பே பல் கடிபட்டுவிடுகிறது. அதற்கும் வாய் திறப்பதற்கும் நடுவில் ஒரு மூச்சுக்கான இடம் இருக்கிறது.

ஜனவரி 19, திங்கள்

இன்றைய வகுப்பை விரிவாக எழுதி வைக்க வேண்டும்.

பிள்ளைகள் எங்கே போகிறார்கள், யாரோடு இருக்கிறார்கள் என்று தெரிந்த பெற்றோரின் பிள்ளைகள் போதைப் பழக்கத்தில் விழுவது குறைவு என்று ஆய்வுகள் பல காலமாகச் சொல்லி வந்தன. அதனால் 'கண்காணியுங்கள்' என்பதே எல்லோரும் தந்த அறிவுரை. 2000-இல் ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்ற ஆய்வாளர்கள் இருவர், ஸ்வீடனில் 14 வயதுப் பிள்ளைகளையும் அவர்களின் பெற்றோரையும் வைத்து, அந்த விவரமெல்லாம் பெற்றோருக்கு எப்படித் தெரிய வருகிறது என்று தேடினார்கள். துருவித் துருவிக் கேட்டதாலோ கட்டுப்பாடு போட்டதாலோ தெரிந்ததைவிட, பிள்ளை தானாகச் சொன்னதால் தெரிந்ததுதான் அதிகம்.

இதைக் கேட்டதும் எனக்கு முழுப் பயிற்சியின் நோக்கமும் பிடிபட்டது. போனைச் சோதிக்கலாம், பையைத் துழாவலாம், நண்பனின் அம்மாவுக்கு போன் போடலாம். அதிலெல்லாம் கிடைப்பது துண்டு துண்டாகத்தான். பிள்ளை வாய் திறந்து சொல்வதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. அவன் சொல்வான் என்றால், போன தடவை சொன்னபோது என்ன நடந்தது என்பதை மனதில் வைத்துத்தான் சொல்வான். என் நிதானத்துக்கு இருக்கும் வேலை அதுதான். நான் நிம்மதியாக இருப்பதற்காக மட்டும் கண்ணை மூடி உட்காரவில்லை. அவன் அடுத்த தடவையும் என்னிடம் வர வேண்டும்.

மூன்று நிமிட மூச்சுப் பயிற்சியும் இன்று கற்றோம். முதலில் உள்ளே என்ன ஓடுகிறது என்று பார்க்க வேண்டும், எண்ணம், உணர்ச்சி, உடம்பு எல்லாம். பிறகு கவனத்தை மூச்சில் மட்டும் நிறுத்த வேண்டும். அப்புறம் அதை உடம்பு முழுக்க விரிக்க வேண்டும். வீட்டுக் கதவைத் திறப்பதற்கு முன் செய்வதாக முடிவு செய்திருக்கிறேன். ஆபீஸ் டென்ஷன் வீட்டுக்குள் நுழைவது அந்த வாசல் வழியாகத்தான்.

ஜனவரி 24, சனி

மாத இறுதிக் கணக்கு வேலை. கணினியைத் திறப்பதற்கு முன் மூன்று மூச்சு. இன்றைக்கு அவ்வளவுதான்.

ஜனவரி 28, புதன்

இதை எழுதலாமா என்று என் மகனிடமே கேட்டேன். "பேர் போடாதம்மா, மத்தபடி சரி" என்றான்.

இரவு போனை சார்ஜில் போட வந்தவன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். ஏதோ சொல்ல வருகிறான் என்று தெரிந்தது. "இன்னைக்கு ஃபுட்பால் முடிஞ்சதும் ஒருத்தன் வேப் எடுத்தான்மா."

வயிறு கெட்டியானது, தாடை இறுகியது. நாக்கு நுனியில் மூன்று கேள்வி வரிசையாக நின்றன: யார் அவன், நீயும் இழுத்தியா, அவன் வீட்டுக்குத் தெரியுமா. மூன்றும் போலீஸ் கேள்விகள். பாதத்தைத் தரையில் அழுத்தினேன். ஒரு மூச்சு. "சரி, அப்புறம்?" என்றேன்.

அவன் உட்கார்ந்தான். பென்டிரைவ் மாதிரி இருந்ததாம், பழ வாசனை வந்ததாம். "வெறும் ஆவிடா, ஒண்ணும் ஆகாது" என்றார்களாம். இவன் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறான்.

"உனக்கு எப்படி இருந்துச்சு?"

"ஒரு மாதிரி இருந்துச்சு. வேண்டாம்னா கேலி பண்ணுவாங்கன்னு நினைச்சேன். யாரும் பண்ணல."

அதற்குப் பிறகுதான் நான் பேசினேன். அது வெறும் ஆவி இல்லை, பெரும்பாலானவற்றில் நிகோட்டின் இருக்கிறது. மூளையில் யோசித்து முடிவெடுக்கும் பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே இருப்பதால், பெரியவர்களைவிட இந்த வயதில் நிகோட்டின் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். சுருக்கமாகச் சொன்னேன். கடைசியில், "நம்ம வீட்ல சிகரெட், வேப், மது எதுவும் கிடையாது. அதுல மாத்தம் இல்ல. ஆனா என்ன நடந்தாலும் என்கிட்ட சொல்லலாம்" என்றேன்.

"தெரியும்மா, அதான் சொன்னேன்."

அவன் தூங்கப் போனபிறகு என் கை நடுங்கியது. பயம் எங்கும் போய்விடவில்லை. அவன் பேசி முடிக்கும்வரை காத்திருந்தது, அவ்வளவுதான்.

பிப்ரவரி 2, திங்கள்

வகுப்பில் இன்று சூடான விவாதம். "பொறுமையா கேட்டுக்கிட்டே இருந்தா கண்டிப்பு என்ன ஆகும்?" என்று அதே அப்பா. அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அவரால்தான் வகுப்பு நன்றாகப் போகிறது என்றும் தோன்றுகிறது.

பதிலாக ஜெரால்ட் பேட்டர்சன் என்ற அமெரிக்க உளவியலாளரின் வேலையைப் பற்றிப் பேசினோம். பெற்றோர் கத்த, பிள்ளை அதைவிடக் கத்த, கடைசியில் யாராவது ஒருவர் சோர்ந்து விட்டுக்கொடுப்பார். ஜெயிக்கக் கத்த வேண்டும் என்பதை இரண்டு பக்கமும் கற்றுக்கொள்ளும். அடுத்த சண்டை இன்னும் மேலிருந்து தொடங்கும். இப்படிப்பட்ட வீடுகளில், சண்டையில் களைத்துப்போன பெற்றோர் மெல்ல மெல்ல விதிகளையே கைவிட்டுவிடுகிறார்கள். ஆக, கத்துவதில் கண்டிப்பு தேய்கிறது. குரலைத் தாழ்த்தி, சொன்ன விதியை மாற்றாமல் நிற்பதுதான் கடினம். அதற்குத்தான் இந்த மூச்சும் உட்காருவதும்.

விதி ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு: 1997-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், 15 வயதுக்கு முன்பே குடிக்கத் தொடங்கியவர்களில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் வாழ்நாளில் ஒரு கட்டத்தில் மதுவுக்கு அடிமையாகியிருந்தார்கள். 20 வயதிலோ அதற்குப் பிறகோ தொடங்கியவர்களில் அது சுமார் 10 சதவீதம். சீக்கிரம் தொடங்குவது மட்டுமே காரணம் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் தள்ளிப்போடும் ஒவ்வொரு வருடத்துக்காகவும் நான் பாடுபடத் தயார்.

பிப்ரவரி 8, ஞாயிறு

குழுவில் ஒரு அம்மா. அவருடைய மகள் ஏற்கெனவே கஞ்சா பிடிக்கத் தொடங்கிவிட்டாள். "நான் மூச்சைக் கவனிச்சா அவ விட்டுடுவாளா?" என்று கேட்டு அழுதார்.

மாட்டாள். பயிற்சி தருபவரும் அதைத் தெளிவாகவே சொன்னார். பழக்கம் தொடங்கிவிட்டால் மருத்துவரையோ, பதின்வயதினரோடு வேலை செய்யும் ஆலோசகரையோ பார்க்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. தூக்கம் தலைகீழாவது, பழைய நண்பர்களை மொத்தமாக விடுவது, பணம் காணாமல் போவது, படிப்பு திடீரென்று சரிவது இதெல்லாம் சேர்ந்து வந்தால் அப்போதே கேட்டுவிட வேண்டும். தனியாக ஒன்றை வைத்துச் சந்தேகப்படவும் கூடாது, ஏனென்றால் தூக்கம் மாறுவது இந்த வயதில் இயல்பு.

ஆனால் அந்த அம்மாவுக்கும் இந்தப் பயிற்சியில் ஒன்று இருக்கிறது. சிகிச்சைக்கு மகளை அழைத்துப் போகும் வழியில் அவர் எப்படிப் பேசுகிறார் என்பதும் சிகிச்சைக்கு உதவும். தன்னையே திட்டிக்கொண்டு தூங்காமல் கிடப்பவருக்கு மறுநாள் மகளிடம் நிதானம் எங்கிருந்து வரும்? டங்கன் எழுதிய ஐந்தில், பிள்ளை மீது மட்டுமல்லாமல் தன் மீதும் பரிவு என்று ஒன்று உண்டு. நேற்றுவரை அதை ஒரு நல்ல வார்த்தையாகத்தான் படித்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்தபிறகு, ஐந்தில் அதுதான் மிக அவசரமானது என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 16, திங்கள்

சனிக்கிழமை அவன் நண்பன் வீட்டில் பார்ட்டி. கிளம்புவதற்கு முன் இரண்டு பேரும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். அங்கே ஏதாவது சரியில்லை என்றால் எனக்கு ஒரே ஒரு புள்ளியை மெசேஜில் அனுப்புவான். நான் போன் செய்து, "உடனே வீட்டுக்கு வா" என்று அவன் நண்பர்கள் காதில் விழும்படி அதட்டுவேன். பழி என் மேல், அவன் மானம் தப்பும். வீட்டுக்கு வந்ததும் அன்றிரவே விசாரணை கிடையாது என்பது அவன் போட்ட நிபந்தனை. மறுநாள் காலை பேசியே ஆக வேண்டும் என்பது என்னுடையது.

புள்ளி வரவில்லை. சொன்ன நேரத்துக்கு வந்தான், சாப்பிட்டதாகச் சொன்னான், தூங்கிவிட்டான்.

இன்று வகுப்புக்குக் கிளம்பும்போது அவன் அப்பா, "அடுத்த வாரம் நானும் வரட்டுமா?" என்று கேட்டார். புள்ளியை அவருக்கும் அனுப்பலாமா என்று மகனைக் கேட்டேன். "அப்பா உண்மையாவே அதட்டுவார்மா, முதல்ல கிளாஸ் முடிக்கட்டும்" என்றான். அவர் பெயரைப் பதிவு செய்துவிட்டேன்.