'நிர்வாகி' என்ற ஒரு சொல் தின்ற ஏழு மாதம்

அப்பா உயில் எழுதி, பதிவும் செய்து வைத்திருந்தார். பதிவான உயிலில் என்ன வில்லங்கம் வந்துவிடப் போகிறது என்று நாங்களும் சும்மா இருந்துவிட்டோம். 2019-ல் அவருடைய டெபாசிட்டை எடுக்கப் போனபோது வங்கியில் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: "ப்ரொபேட் கொண்டு வாங்க."

லத்தீனில் 'நிரூபிப்பது' என்பதிலிருந்து வந்த சொல் அது. பத்திர ஆபீஸ் முத்திரை, உயில் பதிவானது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. இது இவருடைய கடைசி உயில்தான், முறைப்படிதான் எழுதப்பட்டது என்று கோர்ட் ஒப்புக்கொண்டு தருவதுதான் ப்ரொபேட். மதுரையில் பெரியம்மா வீட்டில் இதே மாதிரி உயிலை வைத்துக்கொண்டு பட்டாவே மாற்றிவிட்டார்கள். எங்களுக்கு மட்டும் ஏன் இந்தத் தலைவலி என்று வக்கீலிடம் கேட்டேன். 1870-ல் வெள்ளைக்காரன் போட்ட இந்து உயில்கள் சட்டம் கல்கத்தா பக்கத்தையும் சென்னை, பம்பாய் நகரங்களையும் மட்டும் தனியாகப் பிரித்து வைத்ததாம். அந்தக் கோடு 1925-ம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்திலும் அப்படியே வந்துவிட்டது. அப்பா உயில் எழுதியது பெரம்பூரில், வீடும் பெரம்பூரில். ப்ரொபேட் கட்டாயம் என்ற எல்லைக்குள் மாட்டிக்கொண்டோம். (நான் சொல்வது 2019 நிலவரம். இப்போது போகிறவர்கள் இன்றைய விதியை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.)

அண்ணன் சம்மதப் பத்திரம் கொடுத்தான், இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கையில் இருந்தன. ஐகோர்ட்டில் மனு போட்டாயிற்று. மூன்று வாரம் கழித்து வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா அண்ணன் போன் செய்தார். "நம்பர் ஆகலம்மா, ரிட்டர்ன் ஆயிடுச்சு."

காரணம், உயிலில் இருந்த ஒரு வரி. "என் நண்பர் நிர்வாகியாக இருந்து இந்த உயிலை நிறைவேற்ற வேண்டியது" என்று அப்பா நல்ல தமிழில் எழுதியிருந்தார். மொழிபெயர்த்தவர் 'நிர்வாகி'யை 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று டைப் அடித்துவிட்டார். தமிழில் இரண்டும் ஒன்றுதானே என்றுதான் எனக்குத் தோன்றியது. சட்டத்தில் அப்படி இல்லை. உயில் எழுதியவரே நியமிப்பவர் எக்ஸிக்யூட்டர், கோர்ட் நியமிப்பவர் அட்மினிஸ்ட்ரேட்டர். ப்ரொபேட் எக்ஸிக்யூட்டருக்கு மட்டும்தான் கிடைக்கும். எக்ஸிக்யூட்டரே இல்லாத உயிலுக்கு ப்ரொபேட் கேட்டால் எப்படி? நியாயமான கேள்வி. இதோடு, பத்திரங்களில் எழுதிக்கொடுப்பவரை 'எக்ஸிக்யூட்டண்ட்' என்று வேறு போடுவார்கள். வங்கியில் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "எக்ஸிக்யூட்டர் உங்க அப்பாதானே, அவரையே கூட்டிட்டு வாங்க" என்றார். சத்தியமாகச் சொன்னார்.

மொழிபெயர்ப்பைத் திருத்தி மறுபடி தாக்கல் செய்தோம். மறுபடியும் ரிட்டர்ன். எக்ஸிக்யூட்டர் ஒருவர் இருக்கும்போது மகள் ஏன் ப்ரொபேட் கேட்கிறார் என்று கேட்டிருந்தார்கள்.

"அந்த நண்பர் எங்கம்மா?"

"அவர் அப்பாவுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே போயிட்டாரே சார்."

"இதை நீங்க சொல்லவே இல்லையே!"

"நீங்க கேக்கவே இல்லையே சார்."

வக்கீல் நெற்றியில் அடித்துக்கொண்டார். ஜூனியர் பழைய மனு ஒன்றை எடுத்து, பேரை மட்டும் மாற்றியிருக்கிறார். அங்கேயே ஐந்து மாதம் காலி.

சரி, வழி என்ன? அப்போதுதான் வக்கீல் ஒரு மந்திரம் சொன்னார்: "கம் டெஸ்டமென்டோ அனெக்ஸோ". கம்மங்கூழ் சமாச்சாரமோ என்று முழித்தேன். 'உயில் இணைப்புடன்' என்று அர்த்தமாம். எக்ஸிக்யூட்டர் முன்னாலேயே இறந்துவிட்டால், உயிலை இணைத்து நிர்வாகக் கடிதம் (லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன், அதாவது கோர்ட்டே ஒரு நிர்வாகியை நியமித்துத் தரும் கடிதம்) கேட்கலாம். ஆனால் யார் கேட்பது? உயிலின் கடைசிப் பக்கத்தில், "மேற்கண்டவை போக மீதியுள்ள அசையும், அசையாச் சொத்துகள் எல்லாம் என் மகளுக்கே" என்று ஒரு வரி இருந்தது. பத்திர எழுத்தர் வழக்கமாகச் சேர்க்கும் வரி என்று இத்தனை நாள் நான் தாண்டிப்போன வரி. அந்த 'மீதி'தான் மனுப் போடும் தகுதியை எனக்குக் கொடுத்தது. உயில் எழுதுகிறவர்கள் தயவுசெய்து அந்த வரியை விடாதீர்கள். எக்ஸிக்யூட்டராகத் தன் வயதுக்காரர் ஒருவரை மட்டும் போடாமல், இளையவர் ஒருவரையும் சேர்த்துப் போடுங்கள். நிர்வாகக் கடிதம் என்றால் ஜாமீன்தாரரோடு பாண்டு எழுதிக் கொடுக்க வேண்டும். ப்ரொபேட்டாக இருந்திருந்தால், நீதிபதி கேட்டால்தான் அந்த வேலை.

அப்புறம் சாட்சி. உயிலில் சாட்சிக் கையெழுத்து இரண்டு. ஒருவர் காலமாகிவிட்டார், இன்னொருவர் அரக்கோணத்தில் மகன் வீட்டில். எண்பது வயதுக்காரரை அலைய வைக்க வேண்டாம், உயிலை எழுதிய பத்திர எழுத்தரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார், சார்பதிவாளரும் போட்டிருக்கிறார், அவர்கள் போதாதா என்றேன். அதற்கும் வக்கீல் ஒரு லத்தீன் வைத்திருந்தார்: 'அனிமஸ் அட்டெஸ்டாண்டி', சாட்சி நிற்கும் எண்ணம். எழுத்தர் எழுதியதற்காகப் போடுகிறார், சார்பதிவாளர் கடமைக்காகப் போடுகிறார். சாட்சியாக நிற்கும் எண்ணத்தோடு போட்ட கையெழுத்துதான் கணக்கு. சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில் 1969-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டதாம்.

அரக்கோணம் போனேன். அந்தச் சாட்சி மாமா வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். அஃபிடவிட்டை மூக்குக்கு அருகில் வைத்து எழுத்து எழுத்தாகப் படித்துக் கையெழுத்துப் போட்டார். வெற்றியோடு திரும்பினால், அதில் பாதி விஷயம் இல்லை. அப்பா கையெழுத்துப் போட்டதை அவர் பார்த்தார் என்று இருந்தது. அப்பாவுக்கு முன்னால் இவர் போட்டார் என்பது விட்டுப்போயிருந்தது. சட்டத்துக்கு இரண்டும் வேண்டும். அடுத்த ஞாயிறு மறுபடியும் அரக்கோணம் ரயில். "முதல்லயே ஒழுங்கா எழுதிட்டு வரக் கூடாதாம்மா?" என்று மாமா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அஃபிடவிட் என்றால் லத்தீனில் 'சத்தியம் செய்து சொன்னார்' என்று அர்த்தம். எதைச் சொன்னார் என்று கையெழுத்துக்கு முன்னால் நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள்.

எங்கள் மனு பற்றிப் பேப்பரில் அறிவிப்பு வந்த வாரம் சொந்தக்காரர் ஒருவர் போன் செய்து, "கேவியட் போட்டாச்சு, இனி உன் கேஸ் நகராது" என்றார். இரண்டு ராத்திரி தூக்கம் இல்லை. விசாரித்தால், அவர் போட்டது வேறொரு சிவில் கோர்ட்டில். கேவியட் என்றால் 'எச்சரிக்கையாக இருக்கட்டும்' என்று பொருள், ஸ்டே அல்ல. என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லி வைப்பது, அவ்வளவுதான். சிவில் கேவியட்டுக்கு ஆயுள் 90 நாள். உயில் மனு நடக்கும் கோர்ட்டிலேயே போட்டிருந்தால் நிஜமாகவே வம்பு, மனு முழு வழக்காக மாறியிருக்கும். நல்லவேளை, அவருக்கும் அர்த்தம் தெரியவில்லை.

ஐகோர்ட்டில் சாட்சியம் பதிவு செய்யும் மாஸ்டர் கோர்ட்டில் மாமா தெளிவாகச் சாட்சி சொன்னார். பாண்டுக்கு அத்தை மகன் ஜாமீன் நின்றான். நிர்வாகக் கடிதம் கைக்கு வந்த மறுநாளே வங்கிக்குப் போனேன்.

அங்கே இருந்தவர் இரண்டு முறை புரட்டினார். "நாங்க கேட்டது ப்ரொபேட். இது என்னமோ லெட்டர்னு போட்டிருக்கே?"

ஏழு மாதம் படித்த படிப்பு வீணாகவில்லை. பின்னால் இணைத்திருந்த உயில் நகலையும் அதன் மேல் இருந்த கோர்ட் முத்திரையையும் காட்டி, எக்ஸிக்யூட்டரில் ஆரம்பித்து அனெக்ஸோ வரை சொன்னேன். அவர் சட்டப் பிரிவுக்குப் போன் போட்டார். இருபது நிமிடம் நின்றபடி பேசினார். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ரெண்டு செட் ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க மேடம்."