நாலு விசில்

"துவரம்பருப்பு வெச்சிருக்கேன். நாலு விசில் வந்ததும் அணைச்சிடுங்க." சொல்லிவிட்டு, காய்ந்த துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனாள் மனைவி. போனவள் பக்கத்து வீட்டம்மாவிடம் மாட்டிக்கொண்டாள்.

எனக்கென்ன, காதில் ஹெட்போன். அமெரிக்கப் பாடகர் ஓடிஸ் ரெடிங்கின் 'டாக் ஆஃப் த பே'. ஜார்ஜியாவில் வீட்டை விட்டுக் கிளம்பிவந்து, சான் பிரான்சிஸ்கோ கரையில் சும்மா உட்கார்ந்து கப்பல் வருவதையும் போவதையும் பார்க்கிறவனின் பாட்டு. எனக்கென்றே எழுதினாற்போல் இருக்கும். மூன்று நிமிடம்கூட வராது என்பதால் திரும்பத் திரும்ப ஓட விட்டிருந்தேன். முடியும்போது ஓர் அருமையான விசில்.

கருகல் வாசனை மாடிவரைக்கும் போயிருக்கிறது. வேகமாக இறங்கி வந்தவள், "எத்தனை விசில் வந்துச்சு?" என்றாள்.

பத்தாவது கேட்டிருப்பேன். அத்தனையும் ஓடிஸ் அடித்தது.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "கடைசியில பேசுறதுக்கு என்னமோ வெச்சிருந்து, அது மறந்துபோய்த்தான் அவர் விசிலடிச்சார்னு சொல்லுவாங்க" என்று ஆரம்பித்தேன். 1967 டிசம்பர் 10ல் விமான விபத்தில் அவர் போய்விட்டது, அப்போது வயது 26தான் என்பது, கூட எழுதிய கிட்டார்காரர் ஸ்டீவ் கிராப்பர் அதற்கப்புறம் அலைச் சத்தமும் கடற்பறவைச் சத்தமும் சேர்த்து முடித்தது, 1968ல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது, எல்லாம் சொன்னேன்.

"அவர் மறந்தாரு, சரி. குக்கரை யார் தேய்க்கிறது?"

பேச்சை மாற்றுவதாக நினைத்து, அதே ஆள் 1965ல் எழுதிப் பாடிய 'ரெஸ்பெக்ட்' பாட்டை ஸ்பீக்கரில் போட்டேன். சம்பாதித்துக்கொண்டு வீடு திரும்புகிற புருஷன் கொஞ்சம் மரியாதை கேட்கிறான் என்று அர்த்தம் வேறு சொன்னேன். கருகின பருப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு!

கூடத்திலிருந்து மகள் எட்டிப்பார்த்தாள். "அப்பா, அரீதா பாடினதைப் போடுங்க. அதுதான் பாட்டு." நான் போடுவதற்குள் அவளே போட்டுவிட்டாள். 1967ல் அரீதா பிராங்க்ளின் அதே பாட்டை எடுத்து, மரியாதை கேட்கிற ஆளை மாற்றிவிட்டார். இப்போது கேட்கிறவள் பெண். ஓடிஸின் பாட்டில் இல்லாத ஒன்றும் சேர்ந்தது: 'ஆர்-இ-எஸ்-பி-இ-சி-டி' என்று ஏழு எழுத்தையும் எண்ணி எண்ணிச் சொல்வது. பின்னால் குரல் கொடுப்பது அரீதாவின் சகோதரிகள். அதுவும் முதலிடம்தான். ஒரு பெண் என் பாட்டைக் கொண்டுபோய்விட்டாள் என்று அந்த வருஷம் மான்டரே இசைவிழா மேடையில் ஓடிஸே சிரித்துக்கொண்டு சொன்னார். அந்தச் சிரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

ஆங்கிலப் பாட்டு என்றாலே எழுந்துபோகிற மனைவி, முழுசாக நின்று கேட்டாள். ஏழாவது எழுத்து வந்ததும் கம்பி நார் என் கைக்கு வந்தது.

அடிப்பிடித்த குக்கர் லேசில் விடுமா? தேய்த்துக்கொண்டே பழையபடி கப்பல் பாட்டை முனகினேன். பாதியில் வரி மறந்துபோக, விசிலுக்குத் தாவினேன்.

பூஜை அறையிலிருந்து குரல் வந்தது: "விளக்கு வெச்ச நேரத்துல விசிலடிக்காதீங்க!"